வாப்பாவின் வெள்ளிக்கிழமைக் கடிதங்கள்

கிழக்கு முஸ்லிம்களின் யுத்தகால வாழ்க்கை கதைகளாகவும் கவிதைகளாகவும் ஓரளவுக்குப் பதிவாகியிருக்கிறது. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்களைப் பற்றியும், அதே மாதம் ஏறாவூரில் நித்திரைப் பாயில் கொல்லப்பட்டவர்களைப் பற்றியும், ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டவர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறோம். படைக்குப் போன எமது பிள்ளைகளைப் பற்றி எழுதியது குறைவு. அவர்களில் இரண்டு பேரின் பெயர்கள் மட்டும் மேடைகளில் அடிக்கடி வரும். ஒருவர் 1996 ஜூலையில் முல்லைத்தீவுச் சமரில் உயிர்நீத்துப் பரம வீர விபூஷண விருது பெற்ற லெப்டினன்ட் கேணல் பஸ்லி லாபீர். மற்றவர் 2005 மே மாதம் கொழும்பில் சுட்டுக்கொல்லப்பட்ட இராணுவப் புலனாய்வு அதிகாரி நிஸாம் முத்தலிப். எமது நாட்டுப்பற்றை யாராவது சந்தேகிக்கும் போதெல்லாம் இந்தப் பெயர்களைச் சாட்சிக்கு அழைக்கிறோம். சாதாரண சிப்பாயாகப் போனவர்களையும் அவர்களைப் பெற்றவர்களையும் யாரும் அழைப்பதில்லை.

என் காக்கா 1995இல் இராணுவத்தில் சேர்ந்தார். அப்போது அவருக்கு இருபது வயது, எனக்குப் பதினைந்து. எங்கள் வாப்பா அந்த யுத்தத்தை முழு மனதோடு எதிர்த்தவர். அப்படியான ஒருவர் பன்னிரண்டு வருடங்கள் ஒரு சிப்பாயின் தகப்பனாக எப்படி இருந்தார் என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

வாப்பா கட்சி அரசியல் பேசியவரல்லர். மூன்று ஏக்கர் வயலில் வேளாண்மை செய்து எங்களை வளர்த்தவர். அவருடைய எதிர்ப்பு அவர் கண்ணால் கண்டதிலிருந்தும் காதால் கேட்டதிலிருந்தும் வந்தது. 1990 ஓகஸ்டில் ஏறாவூரில் எம்மவர்கள் கொல்லப்பட்ட அதே நாட்களில்தான் வீரமுனையில் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்களும் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் தமிழ்க் குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடு அழிக்கப்பட்டன. ஊரில் முதலாவதைப் பேசுபவர்கள் இரண்டாவதைப் பேசமாட்டார்கள். வாப்பா இரண்டையும் சேர்த்தே பேசுவார். "பள்ளியில விழுந்தவனுக்கும் கோயிலில விழுந்தவனுக்கும் உம்மா ஒரே மாதிரித்தான் அழுவா" என்பார். ஊர்காவல் படைக்கென்று துவக்குகள் வந்தபோது அவர் வாங்கவில்லை. இரவுக் காவலுக்கு முறை வந்தால் தவறாமல் போவார். கையில் டோர்ச் லைட்டும் ஒரு கம்பும் மட்டும் இருக்கும்.

காக்காவுக்கும் அவருடைய நியாயம் இருந்தது. 1992இல் எங்கள் மாமா, உம்மாவின் தம்பி, வயலுக்குப் போன இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜனாஸாவை உழவு மெஷின் பெட்டியில் ஏற்றி வந்தவர்களில் காக்காவும் ஒருவர். பெட்டி குலுங்கும்போது மாமாவின் தலை பலகையில் அடிபடாமல் வழி நெடுகத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு அவர் படிப்பில் மனம் வைக்கவில்லை.

1995 ஜனவரியில் யுத்தநிறுத்தம் வந்தபோது வாப்பா மிகவும் சந்தோஷப்பட்டார். ஏப்ரல் 19ஆம் திகதி திருகோணமலைத் துறைமுகத்தில் கடற்படைக் கலங்கள் இரண்டு தகர்க்கப்பட்டன. யுத்தம் மீண்டும் மூண்டது. இரண்டு கிழமைக்குள் காக்கா தன் முடிவைச் சொன்னார். அந்த இரவு நடந்த வாக்குவாதத்தை நான் பாயில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நீங்க சொல்ற சமாதானம் வரும் வரைக்கும் நம்மள ஆரு வாப்பா காக்கிற?" என்று காக்கா கேட்டார்.

வாப்பா வெகுநேரம் பேசவில்லை. அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருக்கவில்லை. இருப்பது போல் நடிக்கவும் இல்லை. கடைசியாக இப்படிச் சொன்னார்: "நீ போறதுக்குக் காரணம் இருக்கு. அது எனக்கு விளங்குது. ஆனா இந்தச் சண்ட சரியெண்டு என்ட வாயால சொல்லமாட்டன். என்னட்ட அத எதிர்பாக்காத. மத்ததெல்லாம் கேளு, செய்யிறன்."

மறுநாள் கிராம சேவகரிடம் நற்சான்றுக் கடிதம் எடுக்கக் காக்காவோடு வாப்பாவும் போனார். "நீங்க இதுக்கு எதிரெண்டல்லவா சொன்னாங்க?" என்று அங்கே நின்ற ஒருவர் கேட்டாராம். "ஓம். ஆனா புள்ள என்ட புள்ள" என்றிருக்கிறார் வாப்பா. பிறகும் ஊரில் சிலர் வீரத் தகப்பன் என்று முதுகில் தட்டினார்கள். சிலர் துரோகம் என்று முகத்தைத் திருப்பினார்கள். இரு சாராருக்கும் அவர் இதே பதிலைத்தான் சொன்னார்.

உம்மா கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிக்கு நேர்ச்சை வைத்தா. வாப்பா கடிதம் எழுதத் தொடங்கினார்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ முடிந்து, சாப்பிட்டு, திண்ணையில் உட்கார்ந்து ஒரு கடிதம். முகவரியைச் சிங்களத்தில் எழுதுவது என் வேலை. முகாமுக்கு வருகிற தமிழ்க் கடிதத்தைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள், பிரித்து யாரிடமாவது வாசிக்கக் கொடுக்கிறார்கள் என்று காக்கா ஒருமுறை சொல்லியனுப்பினார். உம்மா பயந்துபோய், இனி எழுத வேண்டாம் என்றா. "ஆரும் வாசிக்கட்டும். வாசிக்கக் கூடாதது இதுல என்ன இருக்கு?" என்றார் வாப்பா. அதன் பிறகு எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, பிறர் வாசிக்கச் சுலபமாக எழுதினார்.

கடிதங்களில் யுத்தம் இராது. பசு கன்று ஈன்றது, என் பரீட்சைப் புள்ளிகள், ஊரில் யார் மௌத்து, யாருக்குக் கலியாணம், வயலில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பவைதான் இருக்கும். 'எத்தனை பேரைச் சுட்டாய்' என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. 'நாடு உன்னால் பெருமைப்படுகிறது' என்றும் எழுதியதில்லை.

வயல் விடயத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் மூன்று ஏக்கர், ஊருக்கு மேற்கே, இயக்கத்தின் கை எட்டும் இடத்தில் இருந்தது. பக்கத்து வயல்காரர் அந்தக் கண்டத்தின் வட்டைவிதானையார். தமிழர். வாப்பாவும் அவரும் ஒருவரையொருவர் மச்சான் என்று அழைப்பவர்கள். ஒரே வாய்க்காலில் இருபது வருடம் தண்ணீர் கட்டியவர்கள். காக்கா படைக்குப் போன செய்தி பரவியதும் அவர் ஓர் இரவு எங்கள் வீட்டுக்கு வந்து, "மச்சான், இனி நீங்க வயலுக்கு வரவேணாம். வந்தா என்னால ஒண்டும் செய்ய ஏலாது" என்று சொல்லிவிட்டுப் போனார். வயலை அவரே குத்தகைக்கு எடுத்துச் செய்தார். ஒவ்வொரு பெரும்போகமும் சூடடித்து முடிந்ததும் நெல்மூடைகள் ஒன்றுகூடக் குறையாமல் வந்து சேரும். வாப்பா ஊருக்குக் கிட்டிய வயல்களில் கூலிக்கு இறங்கினார். ஐம்பது வயதில், சொந்த வயல் உள்ளவர், அடுத்தவர் வரம்பில் மண்வெட்டி பிடித்தார். இது காக்காவுக்குத் தெரியக்கூடாது என்று எங்களுக்குக் கட்டளை. கடிதங்களில் பொய்யும் எழுதவில்லை. 'நமது வயலில் கதிர் பறிகிறது', 'நமது வயலில் அறக்கொட்டி குறைவு' என்றுதான் இருக்கும். 'நான் விதைத்தேன்' என்று ஓரிடத்திலும் இல்லை. அந்தச் செய்திகளைச் சந்தைக்கு வரும்போது வட்டைவிதானையார்தான் சொல்லிவிட்டுப் போவார்.

வட்டைவிதானையாரின் மூத்த மகன் 1991இல் இயக்கத்துக்குப் போனவன். இது வாப்பாவுக்குத் தெரியும். எங்கள் காக்கா இராணுவத்தில் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் பிள்ளை இப்போது எங்கே நிற்கிறான் என்று ஒருவரையொருவர் கேட்பதில்லை. அறிந்தால் ஆபத்து, அறியாமலிருப்பதே இருவருக்கும் நல்லது என்று வாய்திறந்து பேசாமலே முடிவெடுத்திருந்தார்கள்.

பயிற்சி முடிந்து காக்காவை ஆட்லறிப் பிரிவில் போட்டார்கள். உம்மாவை ஆறுதல்படுத்த அவர் எழுதியிருந்தார்: 'நான் முன்னரங்கில் இல்லை. நாங்கள் எவரையும் கண்ணால் காண்பதில்லை.' உம்மா அழுது அல்லாஹ்வைப் புகழ்ந்தா. வாப்பா கடிதத்தை மடித்து வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

அடுத்த லீவில் காக்கா வந்தபோது, உங்கட பீரங்கி எவ்வளவு தூரம் அடிக்கும் என்று கேட்டார். 130 மில்லிமீற்றர் என்றால் 27 கிலோமீற்றர் வரை போகும் என்றார் காக்கா. வாப்பா விரல்களை மடித்து எண்ணினார். "அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை. இவ்வளவு ஊருக்கும் மேலால போய் விழும். விழுற இடத்தில ஆரு நிக்கிறாங்க எண்டு உனக்குத் தெரியா. காணாட்டி கணக்கில இல்ல எண்டு நெனச்சிராத மகன்."

காக்கா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். வாப்பா அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்று மாலை அவரே கடற்கரைக்குப் போய்க் காக்காவுக்குப் பிடித்த பாரைமீன் வாங்கி வந்து, உம்மாவிடம் ஆணம் காய்ச்சச் சொன்னார். சொல்ல வேண்டியதை ஒரு தடவை, முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும். பிறகு பிள்ளைக்குச் சோறு போட வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் செய்ய அவருக்கு முடிந்தது.

சுபஹுத் தொழுகைக்குப் பிறகு அவர் கேட்கும் துஆ எனக்குப் பாடம். "யா அல்லாஹ், அவன்ட உயிரக் காப்பாத்து. அவன்ட கையால ஒரு உயிரும் போகாமலும் காப்பாத்து." ஒருநாள் உம்மா கேட்டுவிட்டா: "சண்டையில நிக்கிறவனுக்கு இது ரெண்டும் எப்படி நடக்கும்?" வாப்பா சொன்னார்: "கேக்கிறது நம்மட வேல."

1996 ஜூலையில் முல்லைத்தீவு முகாம் வீழ்ந்தது. ஆயிரத்துக்கும் அதிகமான படையினர் இறந்தார்கள். அவர்களில் காக்காவோடு பயிற்சி பெற்றவர்களும் இருந்தார்கள். ஓகஸ்டில் லீவில் வந்த காக்கா லீவு முடிந்தும் போகவில்லை. இரவில் நித்திரை இல்லை. கதவு அடித்தால் எழுந்து நிற்பார். அந்தக் காலத்தில் படையை விட்டு ஓடியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். பொதுமன்னிப்புக் காலம் என்று வானொலியில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். உறவினர் ஒருவர், ஏஜென்சிக்குக் காசு கட்டினால் மத்திய கிழக்குக்கு அனுப்பிவிடலாம் என்றார்.

யுத்தத்தை எதிர்த்த தகப்பனுக்கு இது நல்ல தருணமல்லவா? போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காக்கா நின்றிருப்பார். உம்மா காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினா. வாப்பா சொன்னது எனக்கு இன்னும் மறக்கவில்லை: "நான் சொல்லித்தான் நிண்டாய் எண்டு வரக்கூடாது. நான் சொல்லித்தான் போனாய் எண்டும் வரக்கூடாது. நீ போனாலும் நிண்டாலும் நான் உன்னோட வாறன். முடிவு உன்ட."

லீவு முடிந்து பதினோராவது நாள் காக்கா சீருடையை எடுத்து ஸ்திரிக்கை செய்தார். பொடியன்மாரைத் தனிய விட்டிட்டு வர ஏலாது என்று மட்டும் சொன்னார். வாப்பாவும் சாரத்தை மாற்றிக்கொண்டு புறப்பட்டார். வழியில் சோதனைச் சாவடிகளில் காக்கா பஸ்ஸில் இருக்க, அவருடைய தகப்பன் மற்றத் தமிழ் பேசுவோரோடு இறங்கி வரிசையில் நின்று அடையாள அட்டை காட்டினார். வாப்பாவுக்குச் சிங்களம் வராது. முகாம் வாசலில் சொல்வதற்கென்று நான் ஒரு துண்டில் 'மகே புத்தாட்ட அசனீபய்' என்று தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். என் மகனுக்குச் சுகமில்லை என்று அர்த்தம். வாசலில் நின்ற சிப்பாயிடம் அதை வாசித்திருக்கிறார். உள்ளே காக்காவுக்கு என்ன தண்டனை என்று தெரியும்வரை வெளியே ஒரு தேநீர்க் கடையில் ஒன்றரை நாள் இருந்தார். சம்பளத்தில் வெட்டும் லீவு மறுப்பும் என்று அறிந்த பிறகுதான் ஊருக்குத் திரும்பினார்.

2000 ஏப்ரல் 22ஆம் திகதி ஆனையிறவு வீழ்ந்தது. காக்கா அப்போது குடாநாட்டில். செய்தித் தணிக்கை நடைமுறையில் இருந்தது. பிபிசி தமிழோசையில் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. ஏழு கிழமை கடிதம் வரவில்லை. வாப்பா வெள்ளிக்கிழமைக் கடிதத்தை நிறுத்தவில்லை. ஏழு கடிதங்கள் பதிலில்லாமல் போயின.

அந்த நாட்களில் வட்டைவிதானையார் ஒரு சட்டித் தயிரோடு வந்தார். இருவரும் திண்ணையில் இருந்தார்கள். "தம்பிக்கு ஒண்டும் நடக்காது மச்சான்" என்றார் அவர். அப்போதுதான் வாப்பா அத்தனை வருடக் கட்டுப்பாட்டை மீறிக் கேட்டார்: "உங்கட மகன்?"

"தெரியா மச்சான். அவனும் அங்கதான் எண்டு கதைக்கிறாங்க."

ஜூன் மாதம் காக்காவின் கடிதம் வந்தது. இடது காது கேட்கவில்லை, மற்றப்படி சுகம் என்று இருந்தது. உம்மா அயலெல்லாம் சீனி கொடுத்தா. வட்டைவிதானையாருக்கு அப்படியொரு கடிதம் வரவில்லை. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகிப் பாதைகள் திறந்த பிறகு அவர் வன்னிக்குப் போய் விசாரித்தார். மகன் 2000 ஏப்ரலில் ஆனையிறவுப் பக்கம் ஷெல் விழுந்து இறந்தான் என்று சொன்னார்களாம்.

வாப்பா அவருடைய வீட்டுக்குப் போய் மூன்று மணித்தியாலம் இருந்துவிட்டு வந்தார். என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை. அந்த ஷெல் எந்தப் பீரங்கியிலிருந்து போனது என்பதை அறிய உலகத்தில் எவராலும் முடியாது. ஆனால் அந்தக் கேள்வி இரண்டு தகப்பன்மாருக்கும் நடுவில் இருந்தது என்பதை நான் அறிவேன். அந்த வருடம் வட்டைவிதானையார் வயலைத் திருப்பி ஒப்படைத்தார். வாப்பா ஏழு வருடத்துக்குப் பிறகு தன் வரம்பில் ஏறினார். முதல் போகத்துத் தண்ணீரை அவர் வயலுக்கே முதலில் திறந்துவிட்டார்.

காக்கா 2007இல் பன்னிரண்டு வருட சேவையை முடித்து வந்தார். 2009 மே மாதம் யுத்தம் முடிந்தபோது பட்டாசு வெடித்தது, பாற்சோறு பகிர்ந்தார்கள். இனிக் குண்டுகள் இல்லை என்பதில் வாப்பாவுக்கும் நிம்மதிதான். ஆனால் எங்கள் வீட்டில் பட்டாசு கொளுத்தவில்லை. காக்காவும் அன்று வாசலுக்கு வரவில்லை. வாப்பா 2011இல் மௌத்தானார். கபுறில் மண் போட்டவர்களில் வட்டைவிதானையாரும் இருந்தார்.

2019 ஏப்ரல் 21ஆம் திகதிக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, அதிலும் சாய்ந்தமருதில் 26ஆம் திகதி வீடொன்றுக்குள் குண்டு வெடித்த பிறகு, எங்கள் பகுதியெங்கும் வீடு வீடாகத் தேடுதல் நடந்தது. காக்காவின் வீட்டுக்கும் வந்தார்கள். அவர் சேவைப் பத்திரத்தைக் காட்டினார். வந்தவர்களில் ஓர் இளைஞன் அதை வாசித்துவிட்டு ஒரு நிமிடம் நிமிர்ந்து நின்றான். பிறகு மற்றவர்களோடு சேர்ந்து அலுமாரியைத் திறந்தான். "பன்னிரண்டு வருசம் கொடுத்தவனுக்கே இதுதான்" என்று ஊரில் கொதித்தார்கள். காக்கா கொதிக்கவில்லை. வாப்பா இருந்திருந்தாலும் கொதித்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். எமது விசுவாசத்துக்கு அத்தாட்சியாக அவர் தன் மகனை எவருக்கும் கொடுக்கவில்லை. கொடுக்காத ஒன்றுக்கு நன்றியை எதிர்பார்க்க அவருக்கு என்ன இருக்கிறது?

இப்போது என் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் 2009க்குப் பிறகு பிறந்தவர்கள். யுத்தம் அவர்களுக்குப் பெரியவர்கள் சொல்லும் கதை. போன தவணையில் ஒரு மாணவன் கேட்டான்: "சேர், உங்கட வாப்பாக்குச் சண்ட விருப்பமில்லாட்டி உங்கட காக்காவ ஏன் போக விட்ட?" இருபது வயதுப் பிள்ளை போகிறேன் என்று நின்றால் விடுவது விடாதது என்பதெல்லாம் தகப்பனுடைய கையில் இல்லை, அவனோடு முகாம் வாசல்வரை போவதா இல்லையா என்பது மட்டும்தான் கையில் இருக்கிறது என்று சொன்னேன். அவனுக்கு விளங்கியதோ தெரியாது.

காக்கா எழுதிய கடிதங்கள் எங்களிடம் இல்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியில் வீட்டோடு போய்விட்டன. வாப்பா எழுதியவை காக்காவிடம் இருந்தபடியால் தப்பின. மூன்று பிஸ்கட் டின்களில், திகதி வாரியாக அடுக்கி வைத்திருக்கிறார். சென்ற நோன்புப் பெருநாளன்று எடுத்து வாசித்தோம். நல்ல காது என் பக்கம் வரும்படி அவர் திரும்பி இருந்தார். நான் உரத்து வாசித்தேன். பதிலில்லாமல் போன அந்த ஏழு கடிதங்களில் ஒன்றில், வழமையான பசு, பள்ளிக்கூடச் செய்திகளுக்குப் பிறகு, இப்படி இருந்தது: 'நமது வயலை இம்முறையும் மச்சான் நன்றாகப் பார்த்திருக்கிறார். நீ வந்ததும் முதலில் அவரைப் போய்க் காண வேண்டும்.'

வாப்பா தான் வயலுக்குப் போகாததை அறியாமல் எழுதிவிட்ட ஒரே இடம் அது. காக்கா அந்த வரியை மட்டும் இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார்.